அணுக்காந்த ஒத்ததிர்வு (NMR) கருவியின் நிரந்தர காந்தத்தில் காந்தப்புலத்தைச் சீராக்குவது எப்படி?

முதலில் வெப்பநிலையைப் பிடியுங்கள், ஷிம் (புலத்தின் சிறு ஏற்றத்தாழ்வுகளைச் சரிசெய்யும் இரும்புத் துண்டுகள், மின்சுருள்கள்) எல்லாம் அப்புறம். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அதன் புலம் சுமார் 0.1 சதவீதம் குறையும், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. நிறமாலையில் நெருக்கமான கோடுகளைப் பிரித்துப் பார்க்க நமக்கு வேண்டியதோ பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிட நுணுக்கமான சீர்மை. சமாரியம் கோபால்ட் இவ்வளவு ஆடாது, ஆனால் புலமும் கொஞ்சம் குறைவு. எதுவானாலும் நல்ல காப்புப் பெட்டிக்குள் வைத்து, அறையைவிடச் சற்றே கூடுதலான ஒரே வெப்பநிலையில் பல மணி நேரம் சும்மா விடுங்கள்.

அடுத்து, சின்னக் குழாயில் தண்ணீர் வைத்து அளவெடுங்கள். 1 டெஸ்லாவில் புரோட்டானின் (தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின்) ஒத்ததிர்வு அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ், நிறமாலையில் அதன் கோடு 43 ஹெர்ட்ஸ் அகலமாக இருந்தால் புலம் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறுகிறது என்று அர்த்தம்.

இரண்டு துருவ முகங்களும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள், இடைவெளி ஆப்பு மாதிரி சாய்ந்திருந்தால் புலமும் ஒரு பக்கமாகச் சாயும். மிச்சத்தை மெல்லிய இரும்புத் துண்டுகளை ஒட்டிச் சரிசெய்யலாம் (எஃகுக் கருவியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், விரல் நசுங்கும்).

ஷிம் சுருள்கள் கடைசியில்தான். பலர் நேராக இங்கேதான் குதிக்கிறார்கள், ஆனால் அதிக மின்னோட்டம் கொடுத்தால் சுருள் சூடாகி, காந்தமும் சூடாகி, பழைய கதைதான். முதலில் எக்ஸ், ஒய், இசட் ஆகிய மூன்று திசைகளில் புலத்தின் சாய்வைச் சரிசெய்யும் சுருள்கள், பிறகு வளைவான மாற்றத்தைச் சரிசெய்யும் இரண்டாம் படிச் சுருள்கள். ஒன்றின் மின்னோட்டத்தை மாற்றினால் இன்னொன்றின் சீரமைப்பு கலையும், அதனால் இரண்டு மூன்று சுற்று வரவேண்டியிருக்கும்.