எண்டோஸ்கோபிக்கு முன் வரும் பயம்: எனக்குக் கைகொடுத்தவை

எண்டோஸ்கோபி என்றால் கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டு உணவுக்குழாய், வயிற்றைப் பார்க்கும் பரிசோதனை. அதை நினைத்துப் பயந்து தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும்போது திரும்பத் திரும்ப எச்சில் விழுங்கிப் பார்ப்பதுதான் முதல் தவறு. வெறும் எச்சிலை விழுங்க விழுங்க அடைப்பு கூடியது போலத் தோன்றும். அந்த நேரம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தணிந்தது. (சாப்பாடு உண்மையிலேயே சிக்கினால், காரணமில்லாமல் எடை குறைந்தால் கதையே வேறு, பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.)

மூச்சு முட்டுமோ என்பதுதான் பெரிய பயம். குழாய் போவது உணவுக்குழாய்க்குள். மூச்சுக்குழாய் தனி வழி. குழாயின் தடிமன் ஏறக்குறைய 1 செ.மீ. தொண்டை மரத்துப்போக லிடோகைன் ஸ்பிரே அடித்ததும் விழுங்க முடியாதது போல இருக்கும். அது மருந்தின் வேலை. இது முன்பே தெரியாவிட்டால் அங்கேதான் பதற்றம் தொற்றும்.

வீட்டில் பழகியது: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்தபடி மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. தினம் 5 நிமிடம். பரிசோதனையின்போது குமட்டினால், மூச்சை அடக்கினால் உடம்பு இன்னும் விறைக்கும். நீளமாக வெளியே விட வேண்டும். எச்சிலை விழுங்காமல் கடைவாயில் வழிய விடுங்கள், கூச்சமே வேண்டாம்.

வழக்கமாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மருந்து, ஆடும் பல் மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க ஊசி போட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. ஆய்வுக்குச் சிறிது திசு எடுத்தாலே புற்றுநோய் என்றில்லை. வயிற்றுக் கிருமி, அழற்சி பார்க்கவும் எடுப்பார்கள்.