குழுவாகச் சைக்கிள் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதியவர்கள் சேரும்போதெல்லாம், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் அரங்கேறுவதைப் பார்க்கிறேன். ஹெல்மெட் அணிவது, பிரேக்கைச் சரிபார்ப்பது, இருட்டில் விளக்கை எரியவிடுவது ஆகியவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கும் இங்கே எதுவும் இல்லை. விடுமுறை நாளில் நாலைந்து பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே 50, 60 கிலோமீட்டர் போய்வர விரும்புகிறவர்களின் சுகத்தைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். வரிசையாகப் போகும்போது முதல் ஆள் காற்றை நெஞ்சில் ஏற்றுக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் நெருங்கி வருபவர்களுக்கு உழைப்பு ஏறக்குறைய கால் பங்கு, சில நேரங்களில் அதற்கு மேலும் குறைகிறது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கி வரிசையின் கடைசிக்குப் போக, அடுத்தவர் அந்த இடத்துக்கு வருகிறார். அதுவரை பின்னால் சொகுசாக வந்த புதியவருக்குக் காலில் தெம்பு நிறைய மிச்சமிருக்கும். முதன்முதலாக முன்னிடம் கிடைத்த உற்சாகமும், மெதுவாகப் போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ள, மணிக்கு 28 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்த குழு அரை நிமிடத்தில் 32-ஐத் தொட்டுவிடும்.

நாலு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. ஆகவே 28-லிருந்து 32-க்குப் போனால், காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உழைக்க வேண்டும். இதில் பலத்த அடி விழுவது, தம் முறையை அப்போதுதான் முடித்துக்கொண்டு, இளைப்பாறலாம் என்று வரிசையின் வாலைப் பிடிக்க வருபவருக்கு. குழுவிலேயே மிகவும் களைத்திருப்பவர் அந்த நொடியில் அவர்தான்.

எதிர்க்காற்று வீசிய ஒரு நேரான சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களில் மூத்தவர், அடுத்தவரை முன்னே வரச் சொல்லி முழங்கையை ஆட்டிவிட்டு ஒதுங்கினார். அடுத்து நின்ற இளைஞர் உடனே கியரைக் கனமாக்கினார். பின்னால் முதலில் நின்றது பேச்சு. அடுத்து, மிதிக்காமல் விடும்போது பின்சக்கரங்கள் எழுப்பும் டிக் டிக் ஒலி அடங்கி, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மூத்தவர் வாலைப் பிடிக்க முனைவதற்குள் வரிசை அவரைத் தாண்டிவிட்டது: கடைசிச் சக்கரத்துக்கும் அவருக்கும் இடையே முதலில் ஒரு சைக்கிள் நீளம், பிறகு மூன்று, பிறகு கூப்பிட்டாலும் கேட்காத தூரம். அடுத்த சந்திப்பில் நாங்கள் நிறுத்திக் காத்திருந்தபோது, "நல்லா இழுத்தேனா அண்ணா?" என்று அந்த இளைஞர் முகமலர்ச்சியோடு கேட்டார். மூத்தவர் வந்து சேர்ந்ததும், வீட்டில் வேலையிருக்கிறது என்று சொல்லிப் பாதியிலேயே திரும்பிப் போனார். அவருக்கு வீட்டில் எந்த வேலையும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

முன்னால் வரப் போகிறீர்கள் என்றால், வருவதற்கு முன்பே வேகமானியில் தெரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். எதிர்க்காற்று வந்தாலோ சாலை மேலேறினாலோ, அந்த எண்ணை விடாப்பிடியாகக் காப்பாற்றாமல், உழைப்பைச் சமமாக வைத்துக்கொண்டு வேகம் குறைய விடுங்கள். தெம்பு மிகுந்திருக்கிறதா? முன்னால் இருக்கும் நேரத்தை நீட்டுங்கள். எல்லோரும் மனதார வாழ்த்துவார்கள். வளைவுகளில் கூடுதல் கவனம் வேண்டும்: முதல் ஆள் வளைவைக் கடந்து மிதிக்கத் தொடங்கும்போது கடைசி ஆள் இன்னும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், ஆகவே விட்ட இடைவெளியை எட்ட அவர் மற்ற எல்லோரையும்விட வேகமாக ஓட்டியாக வேண்டும். எல்லோரும் வந்தாயிற்று என்று பின்னாலிருந்து குரல் வரும்வரை பொறுத்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

இருவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போகும்போதும் இதே தவறு வேறு உருவில் வரும். ஒருவர் எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருப்பார். மற்றவர் மரியாதைக்காகச் சமமாக வர, இவர் மீண்டும் அரைச் சக்கரம் முந்துவார். யாரும் நினைக்காமலேயே பந்தயம் தொடங்கிவிடும், பேச்சு அறுந்துவிடும். இரண்டு ஹேண்டில்பார்களும் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைப்பது

அவர் ஒரு பள்ளத்துக்காகச் சாண் அளவு விலகினாலே போதும். பெரும்பாலும் விழுவது நீங்கள்தான்.

ஏற்றத்தில் சட்டென எழுந்து மிதிப்பது

சீட்டிலிருந்து எழும் நொடியில் பெடலில் அழுத்தம் தளர்கிறது. உடம்பு முன்னே போக, சைக்கிள் பின்தங்கி, ஒட்டி வருபவரின் முன்சக்கரத்தில் இடிக்கப் பார்க்கிறது. எழுவதற்கு முன் கியரை ஒரு படி கனமாக்கி, கால் கீழே அழுத்தும்போதே எழுந்தால் இந்தத் தயக்கம் தெரியாது.

செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவதால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து போவதில் பெரிய ஆதாயமில்லை. அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் காத்திருப்பதே முறை. காத்திருந்தவர்கள், கடைசி ஆள் வந்து சேர்ந்த அதே நொடியில் கிளம்பிவிடுவது மட்டும் பெருங்கொடுமை. அவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும்.

டயரில் அச்சிட்ட உச்ச அளவுக்குக் காற்றடிப்பது

அந்த எண் தாண்டக் கூடாத எல்லையைக் குறிக்கிறது. 28 மி.மீ. டயரில் 70 கிலோ எடையுள்ளவர் ஓட்டும்போது 65 முதல் 75 பி.எஸ்.ஐ. தாராளமாகப் போதும். கல்லாக இறுகிய டயர் கரடுமுரடான சாலையில் துள்ளித் துள்ளி வேகத்தையும் இழக்கும், மணிக்கட்டையும் பதம் பார்க்கும்.

பசித்த பிறகு சாப்பிடுவது

பசி தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதானால், தொடக்கத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

மெத்தைபோன்ற பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணிவது

வேண்டாம்.

முள்ளைத் தேடாமல் ட்யூபை மாற்றுவது

பஞ்சரானதும் அவசரமாகப் புது ட்யூபைப் போட்டுக் காற்றடித்து, 200 மீட்டர் போவதற்குள் மறுபடியும் இறங்குபவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. கழற்றிய ட்யூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை வால்விலிருந்து அளந்து, டயரில் அதே இடத்தை உட்புறமாக விரலால் மெல்லத் தடவ வேண்டும். வெளியே எதுவும் தெரியாமல், உள்ளே நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் முள் விரலில் தட்டுப்படும். லாரி டயர்களிலிருந்து சிதறும் மெல்லிய கம்பி இழையாக இருந்தால், தடவிப் பார்த்தாலன்றிக் கண்ணுக்கு அகப்படாது. ட்யூபில் இரண்டு ஓட்டைகள் அருகருகே இருந்தால் முள்ளைத் தேட வேண்டியதில்லை: காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதி, ட்யூப் ரிம்முக்கும் அந்த விளிம்புக்கும் இடையே நசுங்கியிருக்கிறது.

மாற்று ட்யூபின் வால்வு உங்கள் ரிம்மின் ஆழத்தைத் தாண்டி வெளியே வருமா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். 50 மி.மீ. ஆழமுள்ள ரிம்முக்கு 40 மி.மீ. வால்வு கொண்ட ட்யூபை நீட்டும் நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதில் காற்றடிக்க முடியாது.