வகுத்துப் பார்க்காமலே பகா எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கப் பள்ளியில் 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்த்திருப்போம். 127-க்கு அது போதும். 2¹²⁷ − 1 என்றால்? அது 39 இலக்க எண். கணினியே இல்லாத 1876-இல், அது பகா எண்தான் என்று நிறுவினார் பிரான்ஸைச் சேர்ந்த எட்வார் லூக்காஸ். அதற்கு அவர் வகுத்திகளைத் தேடி அலையவில்லை. அவருடைய வழியை அமெரிக்கக் கணிதவியலாளர் லேமர் 1930-இல் செம்மைப்படுத்தினார். நாம் செய்யப்போவது அதைத்தான். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

2-இன் அடுக்கில் 1 குறைத்தால் வருவது மெர்சென் எண். இந்தச் சோதனை அவற்றுக்கு மட்டும்தான். அடுக்கும் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். நாம் 7-ஐ எடுப்போம்: 2⁷ − 1 = 127.

படி 2: 4-இல் தொடங்குங்கள்

கையில் உள்ள எண்ணை வர்க்கமாக்கி, 2 கழித்து, 127-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் 2 குறைத்தால் எவ்வளவோ அத்தனை தடவை, அதாவது இங்கே 5 தடவை. கடைசித் தடவை மீதி 0 வந்தால் அது பகா எண், வராவிட்டால் பகு எண்.

4² − 2 = 14
14² − 2 = 194, மீதி 67
67² − 2 = 4487, மீதி?

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீள்வகுத்தல் வேண்டாம். 128-இல் 127 போனால் 1 மிஞ்சும். 4487-இல் 35 முறை 128 இருக்கிறது, மேற்கொண்டு 7. ஒவ்வொரு 128-க்கும் 1 என்று 35, அதோடு அந்த 7. ஆக மீதி 42. வகுத்தல் வெறும் கூட்டலாகிவிட்டது! மிகப் பெரிய பகா எண்கள் மெர்சென் வகையில் பிடிபடுவதற்கு இந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம்.

42² − 2 = 1762; 13 + 98 = 111
111² − 2 = 12319; 96 + 31 = 127, அதாவது மீதி 0

ஐந்தாவது தடவை 0 வந்துவிட்டது. 127 பகா எண்.

படி 3: தோற்கும் எண்ணையும் பாருங்கள்

2¹¹ − 1 = 2047. ஒன்பது தடவை செய்தால் 1736 மிஞ்சும். 0 இல்லை, அதனால் பகு எண். உண்மையில் அது 23 × 89. ஆனால் சோதனை அந்த 23-ஐயும் 89-ஐயும் காட்டிக்கொடுக்காது. காரணி ஒன்றுகூடத் தெரியாமல் பகு எண் என்று அடித்துச் சொல்ல முடிகிறதே, எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை உறுதிசெய்ததும் இதே கணக்குதான். 4-இல் தொடங்கி 13,62,79,839 தடவை.

உங்களுக்கு 2¹³ − 1 = 8191. பதினொரு தடவை செய்ய வேண்டும். 2 கழிக்க மறந்துவிடாதீர்கள், பெரும்பாலும் தப்பு அங்கேதான் நடக்கும். பத்தாவது தடவை 128 வந்தால் சரியாகப் போகிறீர்கள்: 128² − 2 = 16382, அது 8191-இன் இரண்டு மடங்கு.