தோடம்பழ சென்ட் இரண்டில் எதை எடுப்பது?

கச்சான் காற்று வீசும் வெக்கை நாட்களுக்கென்று இனிப்பான தோடம்பழ வாசனையில் இரண்டு சென்ட் பிடித்துப்போய்த் தடுமாறுகிறீர்களா? மூடியைத் திறந்து முகர்ந்ததும் முடிவெடுக்காதீர்கள். தோடம்பழமும் தேசிக்காயும் சீக்கிரம் ஆவியாகும் வாசனைகள். முதல் கால் மணி நேரம் இரண்டு சென்ட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மணக்கும்.

மணிக்கட்டுக்கு ஒன்றாகத் தெளித்து, தேய்க்காமல், மாலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம்வரை நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தோலில் மிஞ்சுவதுதான் நீங்கள் உண்மையில் வாங்கப்போவது. வனிலா மிஞ்சினால், அது வியர்வையோடு சேர்ந்து சீனிப்பாணிபோலக் கனத்துவிடும்; பகலில் எனக்குத் தலையே வலித்தது. வெட்டிவேர் வாசனை மிஞ்சுவதையே நான் எடுப்பேன்.

பர்கமொட் என்ற தோடை இனப் பழத்தின் எண்ணெய் கலந்திருந்தால் வெயில் படும் கழுத்தில் பூசாதீர்கள், தோல் கறுக்கக்கூடும். சட்டையின் உட்பக்கத்தில் தெளியுங்கள்.