கோடையில் முயலுக்குக் கூடுதல் சத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால், தமிழகத்தின் சமவெளி மாவட்டங்களில் முயல் வளர்ப்போர் கால்நடை மருந்துக் கடையில் முதலில் கேட்பது ‘வெயிலுக்கு முயலுக்கு என்ன கொடுக்கலாம்?’ என்பதைத்தான். கேள்வியில் குற்றம் இல்லை. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், செல்கள் நீரிழக்காமல் காக்க உதவும் பீட்டெய்ன், உயிருள்ள ஈஸ்ட், தாது உப்புக் கரைசல் ஆகியவை வெப்ப அயற்சியின் பாதிப்பைக் குறைப்பதில் ஓரளவு கைகொடுக்கின்றன. ஆனால் அவற்றை எதற்காக, எப்போது, எந்த அளவில் கொடுக்கிறோம் என்பதில் நேரும் பிழைகளால் பணம் வீணாவதோடு, வெயிலில் பிழைத்திருக்கக்கூடிய முயல்களும் சாகின்றன.

முயலின் உடலில் பயன்படக்கூடிய வியர்வைச் சுரப்பிகள் அனேகமாக இல்லை. காது மடல்களில் ஓடும் ரத்த நாளங்களை விரித்தும், மூச்சை விரைவுபடுத்தியும்தான் அது உடல் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு ஒத்துவரும் சுற்றுப்புற வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 25 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியைத் தாண்டும்போது திணறத் தொடங்குகிறது. 35-க்கு மேல் உடல் வெப்பத்தை 38.5 முதல் 39.5 டிகிரி என்ற இயல்பு நிலையில் வைத்துக்கொள்ள அதனால் முடிவதில்லை. கொடைக்கானலுக்கு அருகிலுள்ள மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் பராமரிக்கப்படும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் மலைக்குளிரில் நன்றாக வளர்பவை. அவற்றின் குட்டிகளை வாங்கி வந்து ஈரோட்டிலோ மதுரையிலோ வளர்ப்பவர், மலையின் காற்றையும் சேர்த்து வாங்கி வரவில்லை என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

குளிர்விக்கும் மருந்து என்று எண்ணுவது

பிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. வெப்பத்தில் முயல் தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஏனெனில் செரிமானமே உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கும். தீவனம் குறைவதால் அதன் வழியே கிடைக்கும் வைட்டமின்களும் தாதுக்களும் குறைகின்றன. அதே வேளையில் உடல் செல்களில் ஆக்சிஜனேற்றச் சிதைவு கூடி, அந்தச் சத்துகளின் தேவை உயர்கிறது. கூடுதல் சத்துகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன, சிதைவை மட்டுப்படுத்துகின்றன. அவற்றில் ஒன்றுகூட உடலிலிருந்து வெப்பத்தை வெளியேற்றுவதில்லை. தகரக் கூரைக்கு அடியில், காற்றோட்டமில்லாத கொட்டகையில், நண்பகலில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் முயலுக்கு உலகின் மிகச் சிறந்த வைட்டமின் கலவையும் உதவாது. கூரைமேல் தென்னங்கீற்று, பக்கவாட்டில் காற்று, கூண்டில் நெரிசலின்மை, குளிர்ந்த நீர் ஆகிய நான்கையும் முடித்த பிறகு எஞ்சும் சிக்கலுக்குத்தான் சத்து மருந்து.

இதன் இன்னொரு வடிவம், வாய் திறந்து மூச்சு வாங்கிச் சரிந்து கிடக்கும் முயலின் வாயில் டானிக்கை ஊற்றுவது. மூச்சிரைக்கும் முயலின் நுரையீரலுக்குள் மருந்து புகுந்துவிடும். அந்த நேரத்தில் அதை நிழலுக்கு மாற்றி, காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக் காற்றில் வைப்பதே சரியான செயல். ஐஸ் தண்ணீர் கூடாது. அது காதின் ரத்த நாளங்களைச் சுருக்கி, வெப்பம் வெளியேறும் வழியையே அடைத்துவிடும்.

வெப்பமானியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் பிழை. எகிப்தின் சகாசிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மராயும் அவருடைய சகாக்களும் முயலுக்கென வகுத்த வெப்ப–ஈரப்பதக் குறியீட்டில், 27.8-க்குக் கீழே அயற்சி இல்லை, 28.9 வரை மிதமானது; 30 வரை கடுமையானது; அதற்கும் மேலே மிகக் கடுமையானது. காற்றின் வெப்பநிலை 30 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் குறியீடு ஏறத்தாழ 29 ஆகி, முயல் கடுமையான அயற்சிக்குள் வந்துவிடுகிறது. கடலோர மாவட்டத்தில் இருப்பவர் ‘இன்று வெயில் இல்லை, மப்பாகத்தான் இருக்கிறது’ என்று சத்தை நிறுத்திவிடுவது இதனால்தான் தவறாகிறது. ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்றைக் கொட்டகையில், கூண்டின் உயரத்திலேயே தொங்கவிடுங்கள்.

கோழி மருந்தை முயலுக்குக் கொடுப்பது

முயலுக்கென்று தனித் தயாரிப்புகள் நம் ஊர்க் கடைகளில் அரிதாகவே கிடைக்கின்றன. ஆகவே கோழிக்கான வைட்டமின் கலவையும் மாட்டுக்கான தாது உப்பும் முயல் கூண்டுக்கு வந்துவிடுகின்றன. இவற்றை எப்போதும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் லேபிளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் படிக்காமல் கொடுக்கவே கூடாது. கோழிக்கான சில கலவைகளிலும் தீவனங்களிலும் ரத்தக் கழிச்சல் நோயைத் தடுக்கும் மருந்துகள் சேர்க்கப்பட்டிருக்கும். அவற்றில் நராசின், மதுராமைசின் போன்றவை கோழி தாங்கும் அளவிலேயே முயலைக் கொன்றுவிடக்கூடியவை. சில ‘அயற்சி நீக்கி’ பொடிகளில் வைட்டமினோடு நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்திருக்கும். லின்கோமைசின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்றவை முயலின் வாய்வழியே சென்றால், பெருங்குடல்வாயில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி, ஓரிரு நாளில் கழிச்சலில் மரணம் நேரும். வெயிலில் செத்ததாகக் கணக்கெழுதப்படும் முயல்களில் சில இப்படிச் செத்தவையாக இருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏ, டி, ஈ மூன்றும் சேர்ந்த திரவ வைட்டமின்களில் வேறொரு ஆபத்து உண்டு. வைட்டமின் ஈ வேண்டுமென்று அதைக் கூட்டினால் ஏ-யும் டி-யும் கூடவே ஏறிவிடும். இனப்பெருக்கத்தில் உள்ள பெண் முயலின் தீவனத்தில் கிலோவுக்கு 10,000 அலகு வைட்டமின் ஏ போதுமானது. மிகும்போது கரு கரைவது, குறைப்பிரசவம், தலையில் நீர் கோத்த குட்டிகள் ஆகியவை தோன்றும். கொடுமை என்னவென்றால், வைட்டமின் ஏ குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். எனவே பண்ணையாளர் ‘சத்து போதவில்லை’ என்று மேலும் ஊற்றுவார். வைட்டமின் டி-யும் அப்படியே. முயலின் குடல் அதன் உதவி அதிகம் இல்லாமலேயே சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மிகுந்தால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பு படியும். பச்சைத் தீவனமும் நல்ல குச்சித் தீவனமும் கிடைக்கும் பண்ணையில் ஏ-யையும் டி-யையும் கூட்டுவதற்குக் காரணமே இல்லை. வைட்டமின் ஈ மட்டும் தனியாக உள்ள தயாரிப்பைத் தேடி வாங்குவது நல்லது.

கோழிக்குக் கோடையில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போடும் வழக்கத்தையும் முயலிடம் கொண்டுவர வேண்டாம். வெங்காயம் முயலின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெல்லத் தண்ணீரும் தயிரும்கூட முயலுக்குப் பொருந்தா. மிகுதியான சர்க்கரை அதன் குடலில் தவறான நொதிப்பைத் தூண்டும். பால் மறந்த முயலால் பாலின் சர்க்கரையைச் சரிவரச் செரிக்க முடியாது. தயிரில் உள்ள நுண்ணுயிர்களும் வளர்ந்த முயலின் குடலில் இயல்பாகப் பெருகி வாழ்பவை அல்ல.

அளவும் கலவையும்

செலினியத்தை எடுத்துக்கொள்வோம். கிலோ தீவனத்துக்கு 0.3 மில்லிகிராம் என்றால் 100 கிலோவுக்கு 30 மில்லிகிராம். சோடியம் செலினைட்டாகச் சேர்த்தால் அது ஏறத்தாழ 66 மில்லிகிராம். ஒரு சிட்டிகையில் கால் பங்குகூட வராது. இதைப் பண்ணைத் தராசில் நிறுக்கவும் முடியாது, 100 கிலோவில் சீராகப் பரப்பவும் முடியாது. ஒரு கூண்டுக்குச் செலினியமே போகாது, மற்றொரு கூண்டுக்கு நஞ்சாகும் அளவு போகும். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. ஆகவே தூய வேதிப்பொருளைத் தொடாமல், நிரப்புப் பொருளுடன் முன்கலவையாக வருவதையே வாங்க வேண்டும். அதையும் நேரே கொட்டிக் கிளறாமல், முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

வைட்டமின் சி-யின் கதை வேறு. முயல் அதைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும் விலங்கு. கடும் வெப்பத்தில் அந்தத் தயாரிப்பு தேவைக்கு ஈடுகொடுக்காமல் போகலாம் என்பதாலேயே வெளியிலிருந்து கொடுக்கிறோம். கிலோ தீவனத்துக்கு 200 மில்லிகிராம் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 120 கிராம் தின்னும் முயலுக்கு 24 மில்லிகிராம் கிடைக்கும். வெயிலில் அது 80 கிராமாகக் குறைந்தால் 16 மட்டுமே. எந்த நாளில் தேவை அதிகமோ அந்த நாளில் சத்து குறைவாகப் போகிறது. எனவே மீதித் தீவனத்தைத் தினமும் நிறுத்துப் பார்க்காதவர் உண்மையில் என்ன அளவு கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

தீவனம் குறைகிறதே என்று தண்ணீரில் கலப்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு, ஏனெனில் வெயிலில் முயல் தண்ணீரை அதிகம் குடிக்கிறது. ஆனால் வைட்டமின் சி வெளிச்சம், சூடு, குளோரின், இரும்பு, செம்பு ஆகிய எல்லாவற்றாலும் சிதையும். காலையில் தொட்டியில் கலந்தால் நண்பகலுக்குள் பெரும்பகுதி போய்விடும். சிறிதளவாகப் புதிதாகக் கரைத்து, சில மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும்படி கொடுக்க வேண்டும். சர்க்கரை சேர்ந்த கரைசல்கள் குழாயின் உட்புறத்தில் வழவழப்பான படலத்தை வளர்த்து, முயல் தண்ணீர் குடிக்கும் முனையான நிப்பிளை அடைத்துவிடும். ஒரு நிப்பிள் அடைபட்டால் அந்தக் கூண்டு முயலுக்குத் தண்ணீரே இல்லை. மாலையில் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தாது உப்புக் கரைசலைக் கொடுக்கும்போது பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும். சுவை பிடிக்காமல் குடிப்பதையே நிறுத்தும் முயல்கள் உண்டு. மூச்சிரைக்கும் முயல் கரியமில வாயுவை அதிகம் வெளியேற்றுவதால் அதன் ரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதனால், தானும் காரப்பொருளான சமையல் சோடாவைக் கண்மூடித்தனமாகச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மொட்டை மாடியின் கறுப்புத் தொட்டியிலிருந்து சூடாக வரும் தண்ணீரில் எதைக் கலந்தும் பயனில்லை. முதலில் தொட்டிக்கு நிழல் வேண்டும்.

நேரமும் நாளும்

முயல் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் தின்னும் விலங்கு. கோடையில் காலை ஒன்பது மணிக்குப் போடும் சத்துத் தீவனம் பகல் முழுதும் சூட்டில் கிடந்து, வைட்டமினை இழந்து, எண்ணெய் சேர்ந்திருந்தால் சிக்கு வாடையும் அடித்த பிறகே தின்னப்படும். வெயில் தாழ்ந்த பிறகு போடுவதே முறை. உடல் வெப்பம் கூடாமல் எரிசக்தி கிடைக்கட்டும் என்று நார்ச்சத்தைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டுவது கோடையில் அடிக்கடி நடக்கும் பிழை. நார் குறைந்தால் குடல் இயக்கம் தளர்ந்து கழிச்சல் வரும். வேலிமசால், குதிரைமசால், முயல்மசால் போன்றவற்றை வெட்டிச் சிறிது வாடவைத்து மாலையில் கொடுத்தால் நாரும் கிடைக்கும், இயற்கையான கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் கிடைக்கும். முருங்கை இலையும் நல்லது. ஆனால் சவுண்டல் இலையை இஷ்டத்துக்குக் கொடுத்தால் அதிலுள்ள மைமோசின் முடி உதிர்வை உண்டாக்கும்.

கத்திரி வெயில் தொடங்கிய அன்று மருந்து வாங்க ஓடுவதும் காலம் தவறிய செயல். வைட்டமின் ஈ-யும் செலினியமும் திசுக்களில் சேர்வதற்கு வாரங்கள் ஆகும். பிப்ரவரி இறுதியிலேயே தொடங்க வேண்டும். ஈஸ்ட் போன்ற எந்தப் புதுப் பொருளையும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

பலனை மதிப்பிடுவதிலும் ஏமாறுகிறோம். மே மாதத்தில் ஒரு கோடைமழை பெய்து கொட்டகை குளிர்ந்தால், முந்தின நாள் கொடுத்த பொடிக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது. எல்லாக் கூண்டுகளுக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், அதே வரிசையில் சில கூண்டுகளை விட்டுவைத்து, இரு பகுதியிலும் பிற்பகல் மூன்று மணிக்கு விலா அசைவைக் கொண்டு நிமிட மூச்சு எண்ணிக்கையையும், மறுநாள் காலை மீதித் தீவனத்தையும் குறித்துவைத்தால்தான் உண்மை தெரியும். ஓய்வில் உள்ள முயலுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 60 மூச்சு இயல்பு. இரு பகுதியிலும் எண்ணிக்கை ஒன்றாகவே எகிறி நின்றால், அந்தப் பணத்தைக் கூரைக்குச் செலவிடலாம்.

ஜூனில் மழைக்காற்று வீசியதும் சத்தை ஒரேயடியாக நிறுத்திவிடுவது கடைசித் தவறு. ஆண் முயல்களைப் பொறுத்தவரை இழப்பு அதிகம். விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ ஏழெட்டு வாரங்கள் ஆவதால், மே மாத வெயிலில் சேதமான அணுக்கள் ஜூலையிலும் வெளிவரும். இனச்சேர்க்கை நடந்தும் சினை பிடிக்காமல் போவதைக் கண்டு நல்ல ஆண் முயலைக் கழித்துவிடுகிறார்கள். வைட்டமின் ஈ, செலினியக் கலவையை ஆண் முயல்களுக்கு ஜூலை இறுதிவரை தொடர்ந்து, ஆகஸ்டில் கிடைக்கும் சினைப் பிடிப்பைப் பார்த்த பிறகே எதைக் கழிப்பது என்று தீர்மானியுங்கள்.