மட்டக்களப்பில் குடும்பிமலைப் பக்கம் கூட்டாக ஜீப் எடுத்துப் போகிறவர்களுக்கு

முதல் விசயம், மாரியில் போகாதீர்கள். மழை பிடித்தால் கிரான்–புலிபாய்ந்தகல் பாதையை வெள்ளம் மூடி, அங்குள்ள சனமே தோணியில்தான் போய்வரும், உங்கள் ஜீப் எந்த மூலைக்கு? ஜூன் முதல் செப்டம்பர் வரை சரி. புழுதி தின்ன வேண்டிவரும், அவ்வளவுதான்.

மூன்று வண்டிக்குக் குறைய வேண்டாம், ஆறுக்கு மேலும் வேண்டாம். பாதை தெரிந்தவர் முன்னுக்கு, இழுவை பெல்ட் வைத்திருப்பவர் கடைசியில், புதியவர் நடுவில். புழுதிக்குள் முன்வண்டி தெரியாது, அதனால் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், பாதை பிரியும் இடத்தில் அவர் தெரியும்வரை நகராதீர்கள். போன் சிக்னலை நம்பி நாங்கள் இதைவிட்ட ஒருமுறை, காணாமற்போன டபுள் கெப் வண்டியைத் தேடி இரண்டு மணித்தியாலம் மாட்டுப்பட்டி மாட்டுப்பட்டியாக விசாரித்துத் திரிந்தோம். ஆள் ஒரு பட்டியில் ஆறுதலாகத் தயிர் தின்றுகொண்டிருந்தார்.

ஆற்றுமணல் வந்தால் டயர் காற்றை 18–20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், டயர் அகன்று படியும், லேசில் புதையாது. ஆனால் அந்த டயரோடு சடாரென ஸ்டியரிங்கை ஒடித்தால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி வரும்போது காற்றடிக்க ஒரு சின்னக் கொம்பிரசர் கட்டாயம். புதைந்துவிட்டதா, அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அச்சுவரை இறங்கும், இறங்கி மணலை வெட்டுங்கள். இழுக்கும் பெல்ட்டை ட்ரெய்லர் பூட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டிவிடாதீர்கள், அது உடைந்து பறந்தால் கண்ணாடியைத் துளைத்து ஆளையே கொல்லும். சேசிஸில் உள்ள கொளுக்கியில்தான் மாட்ட வேண்டும்.

தண்ணீரைக் கடக்குமுன் ஒருவர் நடந்து பார்ப்பது வழக்கம், ஆனால் நம்முடைய மடுக்களில் முதலை இருக்கும். மாட்டுக்காரரைக் கேளுங்கள், அவர்கள் மாடு கடத்தும் துறையிலேயே கடவுங்கள்.

மட்டக்களப்பு 2017இல் மிதிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதுதான், என்றாலும் பழைய காவலரண் பக்கம் சக்கரத்தடத்தை விட்டு இறங்குவது வேண்டாத வேலை. இரும்பு எதையாவது கண்டால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் யானை. ஹோர்ன் அடிக்காதீர்கள், எஞ்சினை நிறுத்தாமல் மெல்லப் பின்னுக்கு எடுங்கள். வரிசையில் போனால் பின்னெடுப்பதைக் கடைசி வண்டிதான் தொடங்க முடியும், அதனால்தான் ஒட்டி ஒட்டி ஓடாதீர்கள் என்று கிளம்பும்போதே கத்துவேன். பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.