ஆய்வுப் படிப்பும் குடும்பமும்: திருமணமான ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை முடித்து, ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் தேறி, முனைவர் பட்ட ஆய்வில் சேரும்போது பெரும்பாலோருக்கு வயது 23 அல்லது 24. பட்டம் கைக்கு வரும்போது முப்பதை நெருங்கிவிடுகிறது. நம் வீடுகளில் கல்யாணம், தலைதீபாவளி, வளைகாப்பு, பிள்ளைப்பேறு, காதுகுத்து எல்லாமே இந்த ஆறேழு ஆண்டுகளுக்குள்தான் வந்து நிற்கும். எங்கள் காலத்து ஆய்வாளர்கள் தடுமாறிய அதே இடங்களில் இன்று சேர்பவர்களும் தடுமாறுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்தைத் திட்டமிடுங்கள், அன்றாடம் இரண்டு பக்கமாவது எழுதுங்கள் என்பன போன்ற அறிவுரைகளை எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. யாரும் சொல்லித் தராததால், விதியும் கணக்கும் தெரியாமல் நேர்ந்துவிடுகிற தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாடநெறித் தேர்வை ஒட்டி முகூர்த்தம் குறிப்பது

ஆய்வின் தொடக்கத்தில் எழுத வேண்டிய பாடநெறித் தேர்வின் அட்டவணையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

உதவித்தொகையைச் சம்பளம் என்று சொல்லிவைப்பது

பெண் பார்க்க வந்த இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டால், "மாதம் 37,000 ரூபாய்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பெண் ஆய்வாளராக இருந்தால் அவள் வீட்டிலும் இதே பதில்தான். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி என்பது உண்மைதான். ஆனால் அது சம்பளம் அன்று. வருங்கால வைப்பு நிதி கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, மொத்தம் 5 ஆண்டுகளுக்கு மேல் வராது. ஆய்வேடு முடியும் வரை அது காத்திருப்பதில்லை. மாதந்தோறும் நிறுவனம் உறுதிப்படுத்தினால்தான் தொகை கணக்கில் ஏறும் என்பதால், எங்காவது தாமதமானால் சில மாதங்கள் ஒன்றும் வராமல் பிறகு மொத்தமாக வந்து விழும். நெட் உதவித்தொகை இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினம்: மத்தியப் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய், பல இடங்களில் அதுவும் இல்லை.

இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரு வீட்டாருக்கும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான கையோடு வண்டிக்கும் வீட்டுப் பொருளுக்கும் தவணை கட்டத் தொடங்கி, நான்காவது மாதம் உதவித்தொகை வராதபோது மாமனாரிடம் கைநீட்ட நேர்ந்த இளைஞர்களை எனக்குத் தெரியும். அந்த வருத்தம் ஆய்வுப் பணியையும் சேர்த்துத்தான் பாதிக்கிறது.

கல்யாணமான கையோடு இனிஷியலை மாற்றுவது

குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, தகப்பனார் பெயரின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் பெயரின் முதலெழுத்தை ஆதாரில் போட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நெட் சான்றிதழ், பல்கலைக்கழகப் பதிவு ஆகியவற்றில் ஓர் எழுத்தும், ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் வேறோர் எழுத்தும் இருந்தால் உதவித்தொகை முதற்கொண்டு எல்லாம் கேள்விக்குறியாகும். ஏற்கெனவே ஒரு பெயரில் கட்டுரை வெளியாகியிருந்தால், அடுத்த கட்டுரை வேறொருவர் எழுதியதைப் போல மேற்கோள் தளங்களில் தனியே போய் நிற்கும். முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முகவரி வரியில் கணவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெயரை மாற்றியே தீர வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசிதழில் முறைப்படி வெளியிட்டு, அதன் நகலைப் பல்கலைக்கழகக் கோப்பில் சேர்த்த பிறகு மற்ற ஆவணங்களைத் தொடுங்கள். அதுவும் பட்டம் வாங்கிய பிறகு என்றால் இன்னும் நல்லது.

வாய்மொழி அனுமதியை நம்பிப் பேறுகால விடுப்பில் போவது

இத்தனை தவறுகளில் இன்றும் எனக்குக் கோபம் வரவழைப்பது இது ஒன்றுதான். காரணம், இதில் பாதிக்கப்படுகிற பெண் எந்தக் குற்றமும் செய்தவள் அல்லள். ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரும் பெரும்பாலும் நல்லவராகவே இருக்கிறார்.

நடப்பது இப்படித்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிகிறது. மறுநாளோ மறுவாரமோ பெண் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறாள். அதற்கு முன் நெறியாளர் அறைக்குச் சென்று விவரம் சொல்கிறாள். "உடம்பைப் பார்த்துக்கோம்மா, மத்ததை வந்து பார்த்துக்கலாம்" என்று அவர் மனதாரச் சொல்லி அனுப்புகிறார். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. கடிதம் இல்லை, மருத்துவச் சான்று இல்லை, ஆணை இல்லை.

எங்கள் துறையில் சில ஆண்டுகள் இளையவளான ஒரு பெண்ணுக்கு இதுதான் நேர்ந்தது. அவள் ஊரில் இருந்த காலத்தில் துறை வருகைப் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு எதிரே கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. பதிவேட்டில் கையெழுத்து இல்லாததால் அலுவலகம் மாதாந்திர உறுதிப்படுத்தலைச் செய்யவில்லை, உதவித்தொகை நின்றது. அந்தப் பருவத்துக்கான முன்னேற்ற அறிக்கையும் ஆய்வின் போக்கை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டிக் கூட்டமும் தவறின. இரண்டாண்டு முடிவில் இளநிலையிலிருந்து முதுநிலைக்கு உயர்த்துவதற்கான மதிப்பீடும் அந்த மாதங்களில்தான் வந்திருந்தது. அது தள்ளிப்போனதால் மாதம் 5,000 ரூபாய் உயர்வும் தள்ளிப்போனது. குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது நெறியாளர் ஓய்வுபெற்றிருந்தார். புதிதாகப் பொறுப்பேற்றவர் கோப்பைத் திறந்து பார்த்தார். அதில் அவள் தாயானதற்கான ஒரு தாள்கூட இல்லை. அனுமதியின்றி நெடுநாள் வராமல் இருந்தவள் என்றுதான் அலுவலகக் குறிப்பு சொன்னது. பால்குடிக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு, பிரிவு அலுவலகத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் அவள் விளக்கக் கடிதங்களுடன் நடந்த நடை, ஓர் இயலை எழுதி முடிக்கப் போதுமான உழைப்பு. அவளுக்கு உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியதைச் சலுகையாகக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

விதி என்ன சொல்கிறது என்பதைச் சேரும் நாளிலேயே படித்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறை, பெண் ஆய்வாளர்களுக்கு முழு ஆய்வுக் காலத்துக்குமாக 240 நாள்கள் வரை பேறுகால விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ தரலாம் என்கிறது. 2016 ஒழுங்குமுறையிலும் 240 நாள் உண்டு. அதற்கு முன்பு பதிவு செய்தவர்கள் தங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டறிய வேண்டும். ஆய்வுக்கான உச்சவரம்பு 6 ஆண்டுகள். மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள், மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டாமல் அளிக்கலாம். இவற்றில் எதுவும் தானாக வந்து சேராது. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

ஆகவே விண்ணப்பம் இப்படி இருக்கட்டும்: பதிவு எண், பதிவு செய்த நாள், விடுப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், பிரசவத் தேதி குறித்த மருத்துவச் சான்று, விடுப்புக் காலத்தில் வரும் கமிட்டிக் கூட்டத்தை ஒத்திவைக்கவோ இணையவழியில் நடத்தவோ வேண்டுகோள், உதவித்தொகையைத் தொடர்ந்து உறுதிப்படுத்த வேண்டுகோள். நெறியாளர், துறைத் தலைவர் வழியாகப் பதிவாளருக்கு அனுப்புங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரையும் இன்வர்டு எண்ணும் (கடிதம் பெறப்பட்டதற்கான பதிவு எண்) வாங்கிக்கொள்ளுங்கள். ப்ரொசீடிங்ஸ், அதாவது விடுப்பை அனுமதிக்கும் ஆணை, கைக்கு வரும் வரை விடாமல் கேளுங்கள். நீங்கள் பேருந்து ஏறிவிட்டால், துறையில் நம்பிக்கையான ஒருவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். திரும்பிச் சேரும் நாளில் சேர்க்கைக் கடிதம் ஒன்றையும் மறவாமல் கொடுங்கள்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு விடுப்பைத் தொடங்கினால், குழந்தை பிறப்பதற்குள்ளேயே ஏறக்குறைய 12 வாரங்கள், அதாவது 84 நாள்கள் போய்விடும். மிச்சம் 156 நாள். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது விடுப்பு தீர்ந்துவிடும். உடல்நிலை இடம்கொடுத்தால், தாய்வீட்டிலிருந்தே நூல்களைத் தொகுக்கவும் இயல்களைத் திருத்தவும் நெறியாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, விடுப்பைப் பிரசவத்தை ஒட்டித் தொடங்குங்கள். தடுப்பூசிக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சில நாள்கள் கையிருப்பில் இருப்பது பெரிய ஆறுதல். விடுப்பைப் பிரித்து எடுக்க உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று மாதம் முடியட்டும் என்று ஆய்வகத்திலும் மறைப்பது

கருவுற்றதை மூன்று மாதம் வரை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். உறவினர்களிடம் அந்த வழக்கத்தைக் கடைப்பிடிப்பதில் தவறில்லை. ஆனால் வேதியியல், உயிரியல் ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் நெறியாளரிடம் மறைப்பது ஆபத்து. குழந்தையின் இதயம், மூளை, கைகால்கள் உருவாகத் தொடங்குவது கருவுற்ற மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை; அதாவது நாம் வாயைத் திறக்காமல் இருக்கும் அதே வாரங்களில். ஆய்வகங்களில் பயன்படும் ஃபார்மமைடு கருவுக்குக் கேடு செய்யக்கூடியது. எத்திடியம் புரோமைடு மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. பென்சீன், ஃபார்மலின், கதிரியக்கப் பொருள்கள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பெண் நெறியாளரோ ஆண் நெறியாளரோ, தயக்கம் இருந்தால் மின்னஞ்சலில் இரண்டு வரி போதும். அந்தச் சோதனைகளை வேறொருவர் செய்ய, நீங்கள் தரவுகளைப் பகுத்தாய்ந்துகொண்டிருக்கலாம்.

கைக்குழந்தையுடன் ஆய்வகத்துக்குள் நுழைவது

ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும் வேண்டாம்.

கணவருக்கு மாற்றல் என்றதும் ஆய்வை விட்டுவிட்டுப் போவது

பெங்களூருக்கோ புணேவுக்கோ கணவர் வேலை மாறியதும், சேர்த்த தரவுகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போய், அங்கே முதலிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. தொடங்காமலே நின்றுவிட்டவர்கள் அதைவிட அதிகம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர், தம் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள ஒழுங்குமுறையே இடமளிக்கிறது. அந்த ஆய்வு, பழைய நிறுவனமோ நெறியாளரோ ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்பிடமிருந்து பெற்ற திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அங்கே செய்த பகுதிக்குப் பழைய நெறியாளரையும் நிறுவனத்தையும் உரிய முறையில் குறிப்பிட வேண்டும். திட்டத்தின் கீழ் ஆய்வு செய்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருப்பதால், தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. புதிய இடத்தில் நெறியாளர் ஒருவர் எழுத்துமூலம் சம்மதிக்கும் வரை பழைய பதிவை நீக்கக் கோரிக் கடிதம் கொடுக்காதீர்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று இருப்பது

ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் 6 மாதங்களுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியில் இரண்டாம் குழந்தைக்கோ, ஊர்மாற்றத்துக்கோ, குலதெய்வக் கோயிலில் முடியிறக்குவதற்கோ நாள் குறித்துவிட்டு, தேர்வாளர் கொடுத்த ஒரே நாளைத் தவறவிடுகிறார்கள். அடுத்த நாள் கிடைப்பது தேர்வாளரின் வசதியைப் பொறுத்தது. பிரசவத் தேதி அருகில் இருந்தால் ஆய்வேட்டைக் கொடுக்கும்போதே தேர்வுப் பிரிவுக்கு அதையும் எழுதிக் கொடுங்கள். இணையவழியில் வாய்மொழித் தேர்வு நடத்த வாய்ப்பு இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலிலும் முத்திரையும் இன்வர்டு எண்ணும் இருக்கட்டும்.